மான்செஸ்டரின் நூலகங்கள், அருங்காட்சியகங்கள், பழைய பொதுக் கட்டடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு அந்த மூல மான்செஸ்டர் எப்படி இருக்கும் என்ற ஆவல் இருக்கும். ஆலைகளில் பெரும்பாலானவை ஓய்ந்துவிட்டன. அந்தப் பஞ்சுப் பணத்தில் எழுந்த நூலகங்களும் மண்டபங்களும் நிற்கின்றன, அவற்றில் பலவற்றுக்குள் ஒரு பைசா கொடுக்காமல் போகலாம். போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்தக் கிழமை வருவது நல்லது?

வியாழக்கிழமை. இங்கே ஒவ்வொரு இடத்துக்கும் விடுமுறை நாள் வேறு. ஜான் ரைலண்ட்ஸ் நூலகம் வழக்கமாகப் புதன் முதல் சனி வரை திறந்திருக்கும். மத்திய நூலகத்துக்கு ஞாயிறு விடுமுறை, வெள்ளியும் சனியும் மாலை 5 மணிக்கே மூடிவிடும், திங்கள் முதல் வியாழன் வரை இரவு 8 மணி வரை இருக்கும். நாவலாசிரியர் எலிசபெத் காஸ்கெல் வாழ்ந்த வீடு வாரத்தில் சில நாள் மட்டும். பெண்கள் வாக்குரிமைப் போராட்டம் உருவெடுத்த பேங்க்ஹர்ஸ்ட் இல்லம் வியாழனும் ஞாயிறும். சீத்தம் நூலகத்தில் வழிகாட்டியுடன் சுற்றிப் பார்ப்பது பெரும்பாலும் வார நாட்களில்தான். இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து அமைவது வியாழன்தான். திங்களும் செவ்வாயும் வந்தால் ஏமாற்றம் நிச்சயம். நேரங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், முதல் நாள் இரவு அந்தந்த இடத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எவை இலவசம், எவற்றுக்குக் கட்டணம்?

மத்திய நூலகம், ஜான் ரைலண்ட்ஸ், மான்செஸ்டர் அருங்காட்சியகம், மான்செஸ்டர் ஓவியக் கூடம், விட்வொர்த் ஓவியக் கூடம், அறிவியல் தொழில் அருங்காட்சியகம் எல்லாமே இலவசம். சில சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனிச்சீட்டு உண்டு. சீத்தம் நூலகச் சுற்று, காஸ்கெல் வீடு, விக்டோரியா நீராடகம் ஆகியவற்றுக்குக் கட்டணம் உண்டு. இலவச இடங்களின் வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும், போடாமல் போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனாலும் முடிந்ததைப் போடுங்கள்.

பெயர்கள் குழப்புகின்றன. எங்கே அதிகம் தவறு நடக்கிறது?

நான்கு இடங்களில்.

மத்திய நூலகமும் ‘மான்செஸ்டர் சென்ட்ரல்’ என்பதும் வேறு வேறு. பின்னது 1880-இல் கட்டிய ரயில் நிலையம், 1969-இல் மூடப்பட்டு இப்போது மாநாட்டு மண்டபமாக இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சில நிமிட நடைதான், ஆனால் கைப்பேசி வரைபடத்தில் ‘சென்ட்ரல்’ என்று மட்டும் தட்டினால் தவறான வாசலில் நிற்பீர்கள்.

டீன்ஸ்கேட் என்பது நீண்ட சாலை. டீன்ஸ்கேட் ரயில் நிலையம் அதன் தெற்கு முனையில் இருக்கிறது. ரைலண்ட்ஸ் நூலகம் 150-ஆம் எண். நிலையத்திலிருந்து சுமார் பத்து நிமிடம் வடக்கே நடக்க வேண்டும்.

ஆக்ஸ்போர்டு ரோடு நிலையத்தில் இறங்கினால் மான்செஸ்டர் அருங்காட்சியகம் எதிரிலேயே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, பல்கலைக்கழகத்தின் நடுவில் இருக்கிறது. அந்தச் சாலையில் பேருந்துகள் அடுத்தடுத்து வரும், ஏறிக்கொள்ளுங்கள். அதேபோல விட்வொர்த் தெரு நகர மையத்தில், விட்வொர்த் ஓவியக் கூடமோ அருங்காட்சியகத்தையும் தாண்டித் தெற்கே. இரண்டும் வேறு வேறு இடங்கள்.

நான்காவது, வட இங்கிலாந்துப் போர் அருங்காட்சியகம். அது டிராஃபோர்டு எல்லைக்குள், கப்பல் கால்வாய்க் கரையில் இருக்கிறது. டிராமில் தனியாகப் போய்வர அரை நாள் ஒதுக்க வேண்டும்.

டிராம் பற்றி ஒரு எச்சரிக்கை: வங்கி அட்டையை நடைமேடையிலுள்ள கருவியில் ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கிய பிறகும் தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் பயணம் முடியாததாகக் கணக்காகி அதிகக் கட்டணம் பிடிக்கப்படும்.

சீத்தம் நூலகத்தில் அப்படி என்ன விசேஷம்?

ஹம்ப்ரி சீத்தம் என்ற துணி வணிகர் எழுதிவைத்த உயிலின்படி 1653-இல் தொடங்கியது. ஆங்கிலம் பேசும் உலகில் இன்றுவரை நிலைத்திருக்கும் மிகப் பழைய பொது நூலகம் இதுதான். கட்டடம் அதைவிட மூத்தது. 1421-ஐ ஒட்டி, பக்கத்துத் தேவாலயத்தின் குருமார் தங்குவதற்காகக் கட்டியது. சிவப்பு மணற்கல் சுவர், கருத்த ஓக் மர அலமாரிகள், மரத்தின் வாடை. ஆரம்பத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் சங்கிலியை எடுத்துவிட்டு, அலமாரி வரிசைகளுக்கு நடுவே பூட்டுப் போடும் மரக் கதவுகளை வைத்தார்கள். அந்தக் கதவுகள் இன்றும் இருக்கின்றன.

பார்க்க வேண்டிய ஒரே ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால் வாசிப்பறையின் சன்னல் மாடத்திலுள்ள மேசையைச் சொல்வோம். 1845 கோடையில் கார்ல் மார்க்ஸும் பிரெட்ரிக் ஏங்கெல்ஸும் இந்த மேசையில் உட்கார்ந்து ஆங்கிலப் பொருளாதார நூல்களைப் படித்தார்கள். மேசை நான்கு பேர் நெருங்கி உட்காரும் அளவுதான். சுற்றிலும் வண்ணக் கண்ணாடிச் சன்னல். 25 ஆண்டுகள் கழித்து மார்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கெல்ஸ் இந்த மாடத்தை நினைவுகூர்கிறார்: அந்தக் கண்ணாடியின் புண்ணியத்தில் அங்கே எப்போதும் வெயில்தான் என்று. மான்செஸ்டர் வானத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வரியின் அருமை புரியும். அவர்கள் படித்த நூல்கள் சிலவற்றை மேசைமேலேயே வைத்திருக்கிறார்கள்.

சீத்தமுக்குள் எப்படிப் போவது? நேரே போனால் விடுவார்களா?

விட மாட்டார்கள். வளாகத்தில் இசைப் பள்ளி ஒன்று நடக்கிறது, குழந்தைகள் படிக்கும் இடம் என்பதால் காவல் உண்டு. இணையத்தில் சுற்றுக்கான சீட்டை முன்பதிவு செய்து, குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாக வாயிலில் நில்லுங்கள். விக்டோரியா ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. குழு உள்ளே போன பிறகு வந்து சேர்வது கடினம். படிக்க வேண்டிய நூல் ஏதாவது இருந்தால் அது தனி வழி: எந்த நூல் என்று குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதி, நாள் வாங்க வேண்டும்.

ஜான் ரைலண்ட்ஸ் நூலகம் ஏன் தேவாலயம் போல இருக்கிறது?

கட்டச் சொன்னவர் அப்படி விரும்பினார். அவர் என்ரிகெட்டா ரைலண்ட்ஸ், கியூபாவில் பிறந்தவர். கணவர் ஜான் ரைலண்ட்ஸ் பஞ்சுத் துணி உற்பத்தியில் பெருஞ்செல்வம் சேர்த்தவர், 1888-இல் இறந்தார். அவர் நினைவாக ஒரு நூலகம் என்று முடிவுசெய்து, கட்டடக் கலைஞர் பேசில் சாம்ப்னீஸிடம் வேலையைக் கொடுத்தார். திறப்பு விழா 1899 அக்டோபர் 6, அவர்களுடைய திருமண நாள். வாசகர்களை அனுமதித்தது 1900 ஜனவரி 1 முதல். நடுவே 1892-இல், ஸ்பென்சர் பிரபுவின் குடும்ப நூலகத்தை அப்படியே 2,10,000 பவுண்டுக்கு வாங்கினார். கூட்டன்பெர்க் அச்சிட்ட பைபிள் அப்படி வந்து சேர்ந்ததுதான்.

கட்டடத்தின் உண்மையான சாமர்த்தியம் கண்ணில் படாத விஷயங்களில் இருக்கிறது. அன்றைய டீன்ஸ்கேட் குதிரை வண்டிச் சத்தமும் நிலக்கரிப் புகையும் நிறைந்த தெரு. அதனால் வாசிப்பு மண்டபத்தைத் தரையிலிருந்து சுமார் 9 மீட்டர் உயரத்தில் வைத்தார்கள். சத்தம் குறையும், வெளிச்சம் கூடும். உள்ளே வரும் காற்றை வடிகட்டி அனுப்பினார்கள், ஏனென்றால் புகைக்கரியும் அதிலுள்ள கந்தகமும் தோல் அட்டையைப் பொடியாக்கிவிடும். விளக்குக்கு வாயு வேண்டாம், மின்சாரம்தான் என்று தீர்மானித்ததும் இதே காரணத்தால்: வாயு விளக்கின் புகை புத்தகத்துக்கு எமன், தீ விபத்து வேறு. நகரின் பொதுக் கட்டடங்களில் மின்விளக்கு முதலில் எரிந்த சிலவற்றுள் இதுவும் ஒன்று. மண்டபத்தின் இரு முனைகளிலும் தம்பதியரின் வெள்ளைப் பளிங்குச் சிலைகள் எதிரெதிரே நிற்கின்றன.

செல்வத்தின் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போர்வரை இந்நகரத்து ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அங்கே அடிமைகள் பறித்தது. இந்தத் தூண்களின் அழகைப் பார்க்கும்போது அதுவும் நினைவில் இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

உள்ளே போக, டீன்ஸ்கேட் பக்கமுள்ள பழைய கோதிக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதீர்கள். வழி பக்கத்திலுள்ள புதிய கண்ணாடிக் கட்டடம், 2007-இல் சேர்த்தது.

பைபிளின் மிகப் பழைய துண்டு அங்கே இருக்கிறதாமே, பார்க்கலாமா?

புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய துண்டுகளில் ஒன்றாகக் கருதப்படும் பாப்பிரஸ், யோவான் நற்செய்தியின் சில வரிகள், கிரேக்க எழுத்து, இரு பக்கமும் எழுதியது. பொதுவாக 2-ஆம் நூற்றாண்டு என்பார்கள், காலக்கணிப்பில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தில் 1920-இல் வாங்கியது, என்னவென்று அடையாளம் கண்டு வெளியிட 1935 ஆயிற்று. உயரம் 9 சென்டிமீட்டர்கூட இல்லை, அகலம் 6. ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பொருளைத் தேடிக்கொண்டு அதன் முன்னாலேயே கடந்துபோகிறவர்கள் உண்டு. வெளிச்சம் பட்டால் கெடும் பொருள் என்பதால் எல்லா நாளும் காட்சியில் இருக்கும் என்ற உறுதியில்லை. இதற்காகவே வருபவர்கள் முன்னதாக விசாரித்துவிட்டு வாருங்கள்.

பழைய கையெழுத்துப் பிரதியைக் கையில் எடுத்துப் படிக்க முடியுமா? பேராசிரியராக இருக்க வேண்டுமா?

வேண்டாம். எந்த நூலைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும். ரைலண்ட்ஸில் வரிசை இது: முதலில் இணையப் பட்டியலில் தேடி அந்தப் பிரதியின் அடுக்கு எண்ணை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். தலைப்பை மட்டும் எழுதி அனுப்பினால் பதில் வரத் தாமதமாகும், ஏனென்றால் ஒரே தலைப்பில் பல பிரதிகள் இருக்கும். பிறகு வாசகராகப் பதிவுசெய்து, வரும் நாளையும் தேவையான பிரதியையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். அன்றே போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. வரும்போது புகைப்பட அடையாள அட்டை அவசியம், பாஸ்போர்ட் மிக நல்லது.

வாசிப்பறைக்குள் பை, குடை, தண்ணீர், பேனா எதுவும் போகாது. எல்லாம் லாக்கரில். பென்சில், தாள், மடிக்கணினி, கைப்பேசி போதும். பேனாவுக்குத் தடை ஏனென்றால், பென்சில் கோடு தவறிப் பட்டால் அகற்ற முடியும், மை பட்டால் முடியாது. புத்தகத்தைத் தட்டையாக விரிக்கக் கூடாது. நுரைத் திண்டுகளை இரு பக்கமும் முட்டுக்கொடுத்து, முதுகு இறுகாத கோணத்தில் வையுங்கள். பக்கம் மூடிக்கொண்டால் விரலால் அழுத்தாமல், அங்கே தரும் துணி சுற்றிய பாரச் சரத்தைப் போடுங்கள்.

வெள்ளைக் கையுறை கேட்பவர்கள் நிறைய. சினிமாவில் பார்த்ததுதான் காரணம். காகிதத்துக்கும் தோலுக்கும் கையுறை கெடுதல். விரலுக்கு உணர்வு போய்விடும், ஓரம் துணியில் சிக்கிக் கிழியும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக ஈரம் துடைத்த கைதான் சரி. கை கழுவிய பிறகு கிரீம் தடவாதீர்கள், தேங்காய் எண்ணெய் வைத்த தலையைக் கோதிவிட்டு அதே கையால் பக்கம் புரட்டவும் வேண்டாம். புகைப்படங்களைத் தொட மட்டுமே கையுறை தருவார்கள்.

மத்திய நூலகத்தில் உறுப்பினராக இல்லாதவர் உட்கார்ந்து படிக்கலாமா?

தாராளமாக. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் அட்டை வேண்டும். அதுவும் இலவசம், அங்கே வசிப்பவர், வேலை செய்பவர், படிப்பவர் வாங்கலாம். ஆவணப் பிரிவில் மூல ஆவணங்களைப் பார்க்க, புகைப்பட அடையாளத்தோடு முகவரிச் சான்றும் எடுத்துச் செல்லுங்கள். முகவரிச் சான்று இல்லாமல் வந்து திரும்பிப்போகிறவர்கள் அதிகம்.

ரோமாபுரியின் பாந்தியன் கோயிலை நினைவூட்டும் வட்டக் கட்டடம். வின்சென்ட் ஹாரிஸ் வடிவமைத்து, 1934 ஜூலையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் திறந்துவைத்தார். 2010-இல் மூடி முழுதாகப் பழுதுபார்த்து 2014 மார்ச்சில் மீண்டும் திறந்தார்கள். முதல் மாடியின் வட்ட வாசிப்பு மண்டபத்துக்குப் போகாமல் திரும்பாதீர்கள். குவிமாடம் சத்தத்தைச் சிதறவிடாமல் கீழே திருப்பி அனுப்புகிறது. நாற்காலியை இழுத்தால், இழுத்த இடத்தில் ஒரு சத்தம், தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு இன்னொரு சத்தம். ஆகவே நாற்காலியைத் தூக்கி நகர்த்துங்கள். போனைச் சுத்தமாக அணைத்துவிடுங்கள், அங்கே அதிர்வுச் சத்தம்கூட எதிரொலிக்கும்.

இந்த நூலகத்தின் வேர் 1852-இல் இருக்கிறது. நகராட்சி வரிப்பணத்தில் நூலகம் நடத்தலாம் என்று 1850-இல் சட்டம் வந்ததும், அதைப் பயன்படுத்தி மான்செஸ்டர் திறந்த இலவச நூலகம் இரவல் தந்தது. திறப்பு விழாவுக்கு வந்தவர்களில் சார்லஸ் டிக்கன்ஸும் ஒருவர். கூலித் தொழிலாளி காசு கொடுக்காமல் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போவது அன்று சாதாரண விஷயம் இல்லை.

நகர மன்றத்துக்குள் போக முடியுமா?

ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் வடிவமைத்து 1877-இல் திறந்த இந்த மாளிகை, 2018 ஜனவரியிலிருந்து பெரும் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டது. வேலை திட்டமிட்டதைவிட நீண்டுவிட்டது. எனவே உள்ளே விடுகிறார்களா என்று வருமுன் பாருங்கள். திறந்திருந்தால் பெரிய மண்டபத்தில் ஃபோர்டு மேடாக்ஸ் பிரவுன் தீட்டிய 12 சுவரோவியங்களும், மண்டபத்துக்கு வெளியே தரையில் பதித்த தேனீக்களும் காணத்தக்கவை. உழைப்பின் அடையாளமாக 1842-இல் நகரச் சின்னத்தில் ஏறிய தேனீ அது. குப்பைத் தொட்டியிலும் பேருந்திலும்கூட அதைப் பார்ப்பீர்கள். மூடியிருந்தாலும் 85 மீட்டர் கோபுரத்தை வெளியே நின்று பார்க்கலாம். மேலே தொங்கும் பெரிய மணி 8 டன்னுக்கும் கூடுதல்.

ராயல் எக்ஸ்சேஞ்ச் நாடக அரங்குதானே, நாடகம் பார்க்காதவர் எதற்குப் போக வேண்டும்?

ஏனென்றால் அந்த மண்டபம்தான் பஞ்சு வணிகத்தின் இதயமாக இருந்தது. உலகின் மிகப் பெரிய வணிகக் கூடம் என்று ஒரு காலத்தில் பெயர். லங்காஷயர் ஆலைகள் தளர்ந்துபோய், 1968 டிசம்பர் 31-இல் வணிகம் நின்றது. கடைசி நாளின் முடிவு விலைகள் உயரே ஒரு பலகையில் இன்னும் அப்படியே இருக்கின்றன. தலையை நன்றாக நிமிர்த்தினால்தான் தெரியும். அந்த எண்களுக்குக் கீழே சிறிது நேரம் நில்லுங்கள். நம் ஊர்க் கைத்தறியை நொடிக்கவைத்த மில் துணிக்கு விலை பேசிய கூடம் இது.

நடுவில் விண்கலம் இறங்கியது போல ஏழு பக்க இரும்பும் கண்ணாடியுமாக நிற்பது 1976-இல் திறந்த அரங்கம். பழைய தரை அதன் முழுப் பாரத்தைத் தாங்காது. அதனால் கூரையைத் தாங்கும் நான்கு பெருந்தூண்களிலிருந்து அதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 1996 ஜூன் 15 குண்டுவெடிப்பில் கட்டடம் சேதமாகி 1998-இல்தான் மீண்டும் திறந்தது. ஒத்திகையோ காட்சியோ நடக்கும் நேரம் தவிர மண்டபத்தைப் பகலில் சுற்றிப் பார்க்கலாம்.

மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் நம் நாட்டவர் பார்க்க என்ன இருக்கிறது?

2023 பிப்ரவரியில் திறந்த தெற்காசியக் கூடம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து அமைத்தது. தெற்காசிய வம்சாவளியினர் 30 பேர் ஒன்றுகூடி எதை வைப்பது, எப்படிச் சொல்வது என்று முடிவுசெய்திருக்கிறார்கள். அதனால் பொருள்களின் குறிப்பில் ஆட்சியாளர் குரல் இல்லை, வீட்டுப் பேச்சின் நெருக்கம் இருக்கிறது. சிங் இரட்டையர் தீட்டிய 17 மீட்டர் நீள ஓவியத்துக்கு மட்டும் அரை மணி ஒதுக்குங்கள். இடமிருந்து வலமாக மெதுவாக நடந்து பார்க்க வேண்டிய ஓவியம் அது.

இதே அருங்காட்சியகம் 2023-இல் ஆஸ்திரேலியாவின் அனிந்திலியாக்வா மக்களிடம் 174 பொருள்களைத் திருப்பிக் கொடுத்தது. கேட்டவர்களிடம் கொடுக்கலாம் என்று செய்துகாட்டியதற்காகவே எங்களுக்கு இந்த இடத்தின் மேல் தனி மதிப்பு.

குழந்தைகளோடு வருகிறோம்.

அதே அருங்காட்சியகத்தில் டைனோசர் எலும்புக்கூட்டு வார்ப்பும் உயிருள்ள தவளைகளும் உண்டு. அடுத்து அறிவியல் தொழில் அருங்காட்சியகம். 1830 செப்டம்பர் 15-இல் லிவர்பூலுக்கு ரயில் ஓடத் தொடங்கிய நிலையமே அதன் வளாகத்தில் இருக்கிறது, முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் தனித்தனி வாசலோடு. பஞ்சு, நூலாகித் துணியாகும் இயந்திரங்களைக் குறித்த நேரங்களில் ஓட்டிக் காட்டுவார்கள். நுழைந்ததும் அந்த நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தறிச் சத்தம் கடுமையானது, கைக்குழந்தை இருந்தால் சற்றுத் தள்ளி நில்லுங்கள். பழைய கட்டடங்கள் பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது மூடப்படுகின்றன, எது திறந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு?

மத்திய நூலகம், ரைலண்ட்ஸ், மான்செஸ்டர் அருங்காட்சியகம் மூன்றிலும் மின்தூக்கி உண்டு. சீத்தமில் 15-ஆம் நூற்றாண்டுப் படிகள், சமமில்லாத கல்தரை. முன்பதிவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

படம் எடுக்கலாமா?

சொந்த உபயோகத்துக்குப் பெரும்பாலான இடங்களில் எடுக்கலாம். ஃபிளாஷும் முக்காலியும் கூடாது. படித்துக்கொண்டிருப்பவர் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. வந்து பயனுண்டா?

உண்டு. ரைலண்ட்ஸும் மத்திய நூலகமும் போச்சு. காலையில் மான்செஸ்டர் அருங்காட்சியகம். அங்கிருந்து தெற்கே நடந்தால் மருத்துவமனை வளாகத்தின் ஓரத்தில் நெல்சன் தெரு, பேங்க்ஹர்ஸ்ட் இல்லம். 1903 அக்டோபர் 10-இல் பெண்கள் சமூக அரசியல் சங்கம் அந்த வீட்டு முன்னறையில் தொடங்கியது. அறை மிகச் சிறியது, ஒரே நேரத்தில் சிலரே நிற்க முடியும். மதியம் பிளிமத் குரோவில் காஸ்கெல் வீடு. ஏப்ரல் முதல் அக்டோபருக்குள் வந்தால் ஹேதர்சேஜ் சாலையிலுள்ள விக்டோரியா நீராடகம் திறக்கும் நாளா என்று பாருங்கள். 1906-இல் திறந்த பொதுக் குளியல் கூடம், பச்சை ஓடுகளும் வண்ணக் கண்ணாடியும். ஆண்கள் முதல் வகுப்பு, ஆண்கள் இரண்டாம் வகுப்பு, பெண்கள் என்று மூன்று வாசல்கள். எந்த வாசலுக்கு மேல் எது செதுக்கியிருக்கிறது என்று உள்ளே போகுமுன் தெருவில் நின்று படித்துவிடுங்கள்.